'எஸ்டேட்' என்னும் சொல்லை வேரிலிருந்து படிப்பது எப்படி? நீலகிரி வாசகருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நீலகிரியில் 'எஸ்டேட்' என்றால் என்ன பொருள் என்று கேட்பவர் எவரும் இல்லை. பேருந்து நிறுத்தத்தின் பெயரிலும், தேயிலைப் பொட்டலத்தின் மேலும், பள்ளிப் பிள்ளைகளின் முகவரியிலும் அது அன்றாடம் வந்துபோகிறது. இந்தப் பழக்கமே சொல்லைப் படிப்பதற்கு ஒரு தடையாகவும் இருக்கிறது. வரலாற்றுப் பாடத்தில் பிரான்சின் 'மூன்றாம் எஸ்டேட்' வரும்போதும், வங்கிப் படிவத்தில் இறந்தவருடைய 'எஸ்டேட்' என்று அச்சிட்டிருக்கும்போதும், கூடலூர் நில வழக்குகளில் 'ஜன்மம் எஸ்டேட்' (ஜன்மம் என்பது மலபார் மரபின் பரம்பரை நிலவுடைமை) என்று எழுதியிருக்கும்போதும், மலையில் வளர்ந்தவர் மனத்தில் முதலில் எழுவது தேயிலைச் சரிவுதான். ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு ஏற்பட்ட பொருள்களுள் மிகவும் பிந்தியவற்றுள் ஒன்று நமக்கு முதலில் வந்து சேர்ந்துவிட்டதால், முந்தியவற்றையெல்லாம் அதன் வழியாகவே பார்க்கிறோம்.

இந்த வழிகாட்டி ஆங்கில ஆசிரியர்களுக்கும், மொழிபெயர்ப்பாளர்களுக்கும், நில ஆவணங்களைப் படித்துப் பொருள் காண வேண்டியவர்களுக்கும் உரியது. இங்குள்ள முறையைக் கொண்டு 'ஸ்டேஷன்', 'கம்பெனி', 'டிவிஷன்' போன்ற சொற்களையும் ஆராயலாம். எனினும் ஒரு சொல்லையாவது முழுமையாகப் பார்ப்பதே பயன் தரும் என்பதால் இதில் 'எஸ்டேட்' ஒன்றே எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது.

முதல் படி: வழக்குகளைத் திரட்டுதல்

அகராதியை முதலில் திறக்க வேண்டாம். சொல் உங்களைச் சுற்றி எங்கெங்கு வழங்குகிறதோ அங்கெல்லாம் அதை முழு வாக்கியத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். யார் சொன்னார், யாரிடம் சொன்னார், பேச்சா எழுத்தா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். சொல்லை மட்டும் பிய்த்து எழுதிய குறிப்பு பிறகு எதற்கும் உதவாது.

இப்படித் திரட்டினால் முதல் நாளிலேயே ஒரு வேறுபாடு கண்ணில் படும். கோத்தகிரிப் பக்கம் இரண்டு ஏக்கரில் தேயிலை வைத்திருப்பவர் தம் நிலத்தை 'டீத் தோட்டம்' என்பாரே தவிர 'எஸ்டேட்' என்று சொல்வது அரிது. மேலாளரும், பங்களாவும், தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளும் இருந்தால்தான் ஓர் இடம் எஸ்டேட் என்னும் பெயரைப் பெறுகிறது. தேயிலை வாரியம் சிறு விவசாயிக்கு 10.12 ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர், என்று உச்சவரம்பு வைத்திருப்பது நிர்வாகத்துக்கான கணக்கு. மக்கள் பேச்சில் எல்லை ஏக்கரால் வகுக்கப்படுவதில்லை. நிலத்தின் சொந்தக்காரர் தாமே இறங்கிக் கொழுந்து எடுக்கிறாரா, ஆள் வைத்து எடுக்கிறாரா என்பதே அங்கு அளவுகோல்.

இதற்கு நேர்மாறான வழக்கும் இதே மாவட்டத்தில் உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காகவே அரசு தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. அவை பின்னர் டான்டீ என்னும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயின. அந்தக் குடும்பங்களின் பேச்சில் ஆயிரம் ஏக்கர் கொண்டதும் 'தோட்டம்'தான். தோட்டம், லயம் (குடியிருப்பு வரிசை), துரை (மேலாளர்), கங்காணி (மேற்பார்வையாளர்) என்னும் சொற்கள் அவர்களோடு கடல் கடந்து வந்தவை. ஆகவே 'தோட்டம்' என்னும் ஒரே சொல் ஒரு வீட்டில் சிறு நிலத்தையும் அடுத்த வீட்டில் பெருந்தோட்டத்தையும் குறிக்கிறது. குறிப்பில் பேசியவரின் பூர்வீகத்தையும் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

எழுத்து வழக்குகளையும் விட்டுவிடக் கூடாது. தொழிலாளர் நலனுக்கான 1951ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் 'பிளாண்டேஷன்' என்னும் சொல்லைத் தலைப்பாகக் கொண்டிருந்தது. அசாமிலும் டார்ஜிலிங்கிலும் ஆங்கிலத்தில் எழுதுவோர் பெரும்பாலும் 'டீ கார்டன்' என்பார்கள். ஒரே பயிர், ஒரே வகை நிர்வாகம், மூன்று பெயர்கள். 'எஸ்டேட்' என்பது தேயிலையோடு பிறந்த சொல் அன்று என்பதற்கு இதுவே போதிய சான்று.

இரண்டாம் படி: சொல்லின் வடிவத்தை அவிழ்த்தல்

அடுத்து, சொல்லின் உடலைப் பாருங்கள். லத்தீன் மொழியில் 'ஸ்டேர்' என்னும் வினைக்கு நிற்றல் என்று பொருள். அதிலிருந்து வந்த 'ஸ்டாடுஸ்' என்னும் பெயர்ச்சொல் நிற்கும் நிலையைக் குறித்தது. அது பழைய பிரெஞ்சில் 'எஸ்டாட்' ஆயிற்று. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு வழங்கியதால், 13ஆம் நூற்றாண்டளவில் இச்சொல் ஆங்கிலத்தில் இடம்பிடித்தது.

லத்தீனில் இல்லாத 'எ' பிரெஞ்சில் எங்கிருந்து வந்தது என்பது தமிழருக்கு எளிதில் விளங்கும். 'ஸ்' என்னும் மெய்யோடு இன்னொரு மெய் சேர்ந்து சொல்லைத் தொடங்கும்போது, பிற்கால லத்தீன் பேசியவர்கள் முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். 'ஸ்கோலா' அவ்வாறுதான் பிரெஞ்சில் 'எஸ்கோல்' ஆகி, பிறகு 'எகோல்' என்று தேய்ந்தது. நம் பாட்டிமார் 'இஸ்கூல்' என்றும் 'இஸ்டேஷன்' என்றும் சொல்வதில் நடப்பதும் இதே மாற்றமே. தனி மெய் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியர் காலத்து விதி. அதை மீறும் அயற்சொல் வந்தால் நாக்கு தானே ஓர் உயிரைத் தேடிக்கொள்கிறது. அதைப் படிப்பில்லாப் பேச்சு என்று சிரிப்பவர்கள், பாரிஸ் நகரத்து மொழியும் அதே வழியில் வந்தது என்பதை அறிந்தால் நல்லது.

இனிக் கிளைகளைத் தேடுங்கள். 'எஸ்டேட்' என்பதன் முதல் உயிர் உதிர்ந்து 'ஸ்டேட்' என்னும் வடிவமும் ஆங்கிலத்தில் நிலைத்தது. மாநிலம், அரசு, நிலைமை ஆகிய பொருள்கள் அதனிடம் சென்றன. பிற்காலத்தில் கற்றோர் அதே லத்தீன் சொல்லை நேரடியாக மறுபடி எடுத்து 'ஸ்டேட்டஸ்' என்று வழங்கினார்கள். தேயிலைத் தோட்டத்தின் பெயர்ப் பலகை, ஸ்டேட் வங்கியின் பெயர், வாட்ஸ்அப்பில் வைக்கும் ஸ்டேட்டஸ் மூன்றும் ஒரே சொல்லின் மூன்று வருகைகள்.

மூன்றாம் படி: வேரைச் சோதித்தல்

மிகுதியானோர் வழி தவறுவது இந்தப் படியில்தான். லத்தீன் 'ஸ்டேர்', ஆங்கில 'ஸ்டாண்ட்', வடமொழி 'ஸ்தா' ஆகிய மூன்றும் இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. ஒரு சொல் ஒத்திருக்கிறது என்பதால் மட்டும் இம்முடிவுக்கு வரவில்லை; பல சொற்களில் ஒலிகள் ஒழுங்காக இணைந்து வருவதைக் கண்டே மொழியியலாளர் இதை நிறுவினார்கள்.

'ஸ்தா' என்னும் வேர் தமிழுக்குள்ளும் வந்திருக்கிறது. ஸ்தலம், ஸ்தாபனம், ஸ்திரம் ஆகியவை வெளிப்படை. பழைய பத்திரங்களில் 'ஸ்தாவர ஜங்கம சொத்து' என்று ஒரு தொடர் வரும். ஸ்தாவரம் என்பது இடம் பெயராதது, ஜங்கமம் என்பது பெயர்வது. அந்த ஸ்தாவரமே தமிழில் 'தாவரம்' ஆகி, நின்ற இடத்திலேயே வளரும் செடிகொடிகளுக்குப் பொதுப்பெயராயிற்று. ஆகவே எஸ்டேட்டும், அதன் பத்திரத்தில் எழுதியிருக்கும் ஸ்தாவர சொத்தும், அதில் வளரும் தாவரமும் தொலைவில் உறவுடைய சொற்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை. தமிழில் 'நில்' என்னும் வினையிலிருந்து 'நிலை' பிறந்தது. 'நிலம்' என்பதையும் அதனோடு சேர்த்து விளக்குவது பரவலான வழக்கம். நிற்பதிலிருந்து நிலைக்கும், நிலையிலிருந்து நிலத்துக்கும் பொருள் நகர்ந்தது என்று கொண்டால், லத்தீனிலும் தமிழிலும் மனித மனம் ஒரே பாதையில் போயிருக்கிறது எனலாம். ஆனால் பாதை ஒன்றாக இருப்பதால் வேர் ஒன்றாகிவிடாது. 'நில்' திராவிட வேர்; 'ஸ்டேர்' அதனின்று வேறு. 'எஸ்டேட் தமிழிலிருந்து போன சொல்' என்று சமூக ஊடகங்களில் சுற்றும் வகையான விளக்கங்களைக் கண்டால், இடைப்பட்ட வடிவங்கள் எந்த நூற்றாண்டில் எந்த ஆவணத்தில் உள்ளன என்று கேளுங்கள். பதில் வராது.

நான்காம் படி: பொருள்களைக் காலவரிசையில் நிறுத்துதல்

இப்போது அகராதியைத் திறக்கலாம். இதற்கு ஏற்றது, பொருள்களைத் தோன்றிய வரிசையில் தந்து ஒவ்வொன்றுக்கும் பழைய மேற்கோளைக் காட்டும் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி. கையடக்க அகராதிகள் இன்று மிகுதியாக வழங்கும் பொருளை முதலில் வைப்பதால், அவற்றைக் கொண்டு சொல்லின் வரலாற்றை அறிய இயலாது.

முதற்பொருள் நிலைமை. இன்று பேச்சில் அது ஏறக்குறைய மறைந்துவிட்டாலும், ஆங்கிலிக்க வழிபாட்டு நூலின் திருமண ஆராதனையில் உயிரோடு இருக்கிறது. இல்லறம் அங்கே மதிப்புக்குரிய ஓர் 'எஸ்டேட்' எனப்படுகிறது. ஊட்டியில் 1829இல் அடிக்கல் நாட்டப்பட்ட புனித ஸ்டீபன் ஆலயம் போன்ற பழைய ஆலயங்களின் வழிபாட்டு மரபு அந்நூலிலிருந்து வந்ததே. அங்கே 'எஸ்டேட்' என்பதற்கு நிலை என்று தவிர வேறு பொருள் கொண்டால், மணமக்களுக்கு ஏக்கர் கணக்கில் சீர் கொடுத்ததாக ஆகிவிடும்.

தனி ஒருவரின் நிலை என்பதிலிருந்து சமூகத்தில் அவர் நிற்கும் படிநிலை என்றும், அதே படியில் நிற்கும் எல்லாரும் சேர்ந்த வகுப்பு என்றும் பொருள் விரிந்தது. பிரான்சில் மதகுருமார் முதல் வகுப்பு, பிரபுக்கள் இரண்டாம் வகுப்பு, ஏனையோர் மூன்றாம் வகுப்பு. 1614க்குப் பிறகு கூட்டப்படாமல் இருந்த இவ்வகுப்புகளின் பேரவை 1789 மே 5 அன்று வெர்சாயில் கூடியது. வாக்கைத் தலைக்கணக்கில் எண்ணுவதா, வகுப்புக்கு ஒன்றாக எண்ணுவதா என்ற பூசல் முற்றி, ஜூன் 17 அன்று மூன்றாம் வகுப்பு தன்னையே தேசியப் பேரவை என்று அறிவித்துக்கொண்டது. இங்கு நிலத்துக்கு வேலையே இல்லை. மூன்றாம் எஸ்டேட்டில் இருந்தவர்களுள் பலருக்குச் சொந்த நிலம் கிடையாது.

இதன் நீட்சியே பத்திரிகைகளைக் குறிக்கும் 'நான்காம் எஸ்டேட்'. அதை எட்மண்ட் பர்க் கூறியதாகத் தாமஸ் கார்லைல் 1841இல் வெளியான தம் நூலில் எழுதினார். தமிழில் நாம் இதை 'ஜனநாயகத்தின் நான்காவது தூண்' என்கிறோம். இந்தத் தொடர் அழகானதுதான், ஆனால் கணக்கு மாறிவிட்டது. நம் தொடரில் முதல் மூன்று தூண்கள் சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை. ஆங்கிலத் தொடரில் முதல் மூன்றும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இடம்பெற்ற வகுப்புகள். இரண்டிலும் பத்திரிகைக்கு நான்காம் இடம் கிடைத்தாலும் வரிசையில் முன்னால் நிற்பவர்கள் வேறு. மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் ஒன்றென்று கொண்டால் பழைய ஆங்கிலக் கட்டுரைகளில் இடறுவார்.

நிலத்துக்கு வந்த வழி சட்டத்தின் வழி. நார்மானிய இங்கிலாந்தில் மண் முழுவதும் கோட்பாட்டளவில் மன்னருடையது. மற்றவர்கள் அதை அவரிடமிருந்தோ அவருக்குக் கீழ்ப்பட்டவரிடமிருந்தோ பெற்று வைத்திருந்தார்கள். எனவே ஒருவருக்குச் சொந்தமானது மண்ணன்று, அதன்மேல் அவர் நிற்கும் நிலை. அந்த நிலைக்குக் காலவரையறை உண்டு: சாகும்வரை மட்டும் செல்லுமாயின் அது வாழ்நாள் எஸ்டேட்; வாரிசுகளுக்கும் தடையின்றி இறங்குமாயின் 'ஃபீ சிம்பிள்'. ஒரே வயல்மேல் தாய்க்கு வாழ்நாள் எஸ்டேட்டும், அவருக்குப் பின் மகனுக்கு முழு எஸ்டேட்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம். நம் ஊர் உயில்களில் 'ஆயுட்கால அனுபவ பாத்தியதை' என்று எழுதுவதைப் பார்த்தவருக்கு இது புதிதன்று. நாளடைவில் உரிமையின் பெயர் உரிமைக்குட்பட்ட நிலத்தின்மேல் ஏறியது. பிறகு ஒருவர் விட்டுச்சென்ற பொருள் அனைத்தின் தொகுதிக்கும் பெயராயிற்று. இந்தியாவில் 1953இல் வந்து 1985இல் நீக்கப்பட்ட 'எஸ்டேட் டியூட்டி' என்னும் வரி, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின்மேல் விதித்த வரி. தேயிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. வங்கிப் படிவத்தில் வரும் 'எஸ்டேட்' இதே பொருளுடையது. ஒரு சேமிப்புக் கணக்கு மட்டும் விட்டுச்சென்றவருக்கும் எஸ்டேட் உண்டு.

ஐந்தாம் படி: சொல் நம் மண்ணில் பெற்ற சட்டப்பொருளைப் பிரித்தறிதல்

கூடலூர், பந்தலூர் வாசகர்கள் இந்தப் படியை விரைந்து கடக்க வேண்டாம்.

சென்னை மாகாணத்தில் 1802ஆம் ஆண்டின் நிரந்தர வரித்தீர்வைக்குப் பின், அரசுக்கு ஒட்டுமொத்தமாக வரி கட்டும் ஜமீனின் ஆட்சிக்குட்பட்ட நிலப்பரப்பு 'எஸ்டேட்' எனப்பட்டது. 1908ஆம் ஆண்டின் எஸ்டேட் நிலச் சட்டத்திலும், ஜமீன்களை ஒழித்து ரயத்துவாரியாக்கிய, அதாவது குடியானவர் அரசுக்கு நேரடியாக வரி கட்டும் முறைக்கு மாற்றிய, 1948ஆம் ஆண்டின் சட்டத்திலும் இச்சொல்லுக்கு இதுவே அடிப்படை. இராமநாதபுரமும் சிவகங்கையும் இப்பொருளில் எஸ்டேட்டுகள். குடியானவருக்கும் அரசுக்கும் நடுவே ஒருவர் நிற்கிறாரா என்பதே இங்குள்ள கேள்வி.

அரசியலமைப்பில் 1951இல் சேர்க்கப்பட்ட 31-அ பிரிவு, எஸ்டேட்டுகளை அரசு எடுத்துக்கொள்ளும் சட்டங்களுக்குப் பாதுகாப்புத் தந்தது. அதனால் எது எஸ்டேட் என்பது பெரிய வழக்காயிற்று. காசர்கோடு பகுதியின் ரயத்துவாரி நிலம் எஸ்டேட் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1961இல் கூற, 1964இல் 17ஆம் திருத்தத்தின் மூலம் சொல்லின் வரையறையையே விரித்தார்கள். இன்று அந்தப் பிரிவைப் படித்தால், ரயத்துவாரி நிலமும், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள ஜன்மம் உரிமையும் 'எஸ்டேட்' என்னும் சொல்லுக்குள் அடங்கியிருப்பதைக் காணலாம். அகராதிக்காரர் செய்யும் வேலையை நாடாளுமன்றம் செய்திருக்கிறது.

இனிக் கூடலூருக்கு வருவோம். வயநாட்டின் ஒரு பகுதியாக மலபாரில் இருந்து 1877இல் நீலகிரியோடு சேர்க்கப்பட்ட இப்பகுதியில், நிலம்பூர் கோவிலகம் போன்ற ஜன்மிகளிடம், அதாவது ஜன்மம் உரிமை கொண்டவர்களிடம், பெருநிலங்கள் இருந்தன. அவர்களிடம் குத்தகைக்கு எடுத்தே பல தோட்டங்கள் வைக்கப்பட்டன. 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தில் 'எஸ்டேட்' என்பது ஜன்மியின் நில உடைமை. அதற்குள் தேயிலையும் இருக்கலாம், காடும் இருக்கலாம், நெல்வயலும் இருக்கலாம். தோட்டக்காரர் 'எங்கள் எஸ்டேட்' என்பதும் சட்டம் 'ஜன்மம் எஸ்டேட்' என்பதும் ஒரே மண்ணைச் சுட்டினாலும், முன்னது பயிரையும் நிர்வாகத்தையும், பின்னது அந்த மண்ணுக்கு மேலே நின்ற ஜன்மியின் உரிமையையும் குறிக்கிறது. தோட்டப் பயிருக்காக ஜன்மியிடம் குத்தகை பெற்ற நிலங்களைப் பற்றியது சட்டத்தின் 17ஆம் பிரிவு. ஊர்ப்பேச்சில் 'செக்ஷன் 17 நிலம்' என்று வழங்குவது இதையே. 'ஜன்மம் எஸ்டேட் ஒழிக்கப்பட்டது' என்னும் வாக்கியத்தைத் தோட்டம் ஒழிக்கப்பட்டதாகப் படித்தால் சட்டமே தலைகீழாகிவிடும்.

இச்சட்டம் காட்டு நிலங்களை எடுத்துக்கொண்ட பகுதி, நிலச் சீர்திருத்தம் ஆகாது என்று 1972இல் பால்மடீஸ் தோட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. பிறகு 34ஆம் திருத்தத்தால் சட்டம் முழுவதும் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில், அதாவது நீதிமன்ற எதிர்ப்பிலிருந்து சட்டங்களைக் காப்பதற்கான பட்டியலில், வைக்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கே, ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2007 ஜனவரி 11 அன்று தீர்த்த ஐ.ஆர். கொயலோ வழக்கு. 1973 ஏப்ரல் 24க்குப் பின் அந்த அட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்களும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்புக்கு உட்பட்டவையா என்று நீதிமன்றம் ஆராயலாம் என அது கூறியது. சட்டக் கல்லூரிகளில் இந்தியா முழுவதும் படிக்கப்படும் அத்தீர்ப்பின் தொடக்கத்தில் கூடலூரின் பெயர் நிற்கிறது.

ஆறாம் படி: பிற்காலத் தொடர்களைச் சேர்த்தல்

இதற்கு அதிக நேரம் தேவையில்லை. 'ரியல் எஸ்டேட்' என்பதில் உள்ள 'ரியல்' லத்தீனில் பொருள் என்னும் கருத்துடைய 'ரெஸ்' என்பதிலிருந்து வந்தது. அசையாச் சொத்து என்பதே தொடரின் கருத்து. மெய்யான சொத்து என்றும், 'ராயல்' என்பதன் திரிபு என்றும் சொல்லப்படும் விளக்கங்களைத் தள்ளிவிடலாம். 'இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்' கிண்டியில் 1958இல் அமைந்தது போன்ற தொழிற்பேட்டை. இங்கிலாந்தில் 'ஹவுசிங் எஸ்டேட்' என்றால் ஒரே திட்டத்தில் கட்டிய வீடுகளின் தொகுதி. உள்ளாட்சி கட்டி வாடகைக்கு விட்ட குடியிருப்பையும் அது குறிப்பதால், லண்டனில் 'எஸ்டேட்டில் வளர்ந்தவர்' என்றால் செல்வந்தர் என்று எண்ணிவிடக் கூடாது. பின்புறம் நீண்ட கார் பிரிட்டனில் 'எஸ்டேட் கார்', அமெரிக்காவில் 'ஸ்டேஷன் வேகன்'. 'ஸ்டேஷன்' என்பதும் நிற்றல் என்னும் அதே லத்தீன் வேரிலிருந்து வந்தது. 1992இல் டாடா வெளியிட்ட 'எஸ்டேட்' கார் பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றியது.

ஏழாம் படி: தமிழ்ச்சொல்லைத் தேர்தல்

திரட்டிய ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, அதில் நிற்பவர் யார், எதன்மேல் நிற்கிறார் என்று கேளுங்கள். மனிதர் வாழ்வின் ஒரு கட்டத்தில் நிற்கிறார் என்றால் 'நிலை' போதும். கூட்டம் அதிகாரத்தின் முன் நிற்கிறது என்றால் 'வகுப்பு'. உரிமையாளர் நிலத்தின்மேல் நிற்கிறார் என்றால் 'உரிமை'. அந்த உரிமையின் காலம் தெரிந்தால் அதையும் முன்னால் சேர்க்க வேண்டும். இறந்தவர் பெயர் வந்தால் 'விட்டுச்சென்ற சொத்து'. 1948, 1969 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களோடு தொடர்புடையது என்றால் ஜமீன், ஜன்மம் என்று எந்த வகை என்பதைக் குறிப்பிடாமல் 'எஸ்டேட்' என்று மட்டும் விடக் கூடாது.

எஞ்சுவது தேயிலை, காப்பி எஸ்டேட். பழனி மலையின் தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் இது பொருந்தும். பொதுவாகப் பேசும்போது 'பெருந்தோட்டம்' என்று எழுதலாம். தொழிலாளரைப் பற்றி எழுதும்போது அவர்கள் வழங்கும் 'தோட்டம்' என்பதே பொருத்தமானது. கிளெண்டேல், நான்சச் போன்ற இடப்பெயர்களோடு ஒட்டி வரும் 'எஸ்டேட்' மட்டும் பெயரின் பகுதி. அதை மொழிபெயர்த்தால் அஞ்சல்காரருக்கே இடம் தெரியாது.

கடைசியாக, நில ஆவணத்துக்கு மொழிபெயர்ப்புச் செய்பவர் ஒரு வேலையைக் கூடுதலாகச் செய்ய வேண்டும். ஆவணத்தில் 'எஸ்டேட்' வரும் இடங்களில் சட்டத்தின் பெயரும் ஆண்டும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து, அச்சட்டத்தின் வரையறைப் பிரிவை எடுத்துப் படித்த பின்னரே தமிழ்ச்சொல்லை எழுத வேண்டும். சட்டம் குறிக்கப்படாத இடத்தில், சர்வே எண்ணைக் கொண்டு அந்த நிலம் ரயத்துவாரிப் பட்டா நிலமா, 17ஆம் பிரிவுக்குட்பட்டதா என்பதை வட்டாட்சியர் அலுவலகப் பதிவுகளில் உறுதி செய்துகொள்ளும்வரை, 'எஸ்டேட்' என்பதைத் தமிழ் எழுத்தில் அப்படியே விட்டுவிடுவது பாதுகாப்பானது.